இடப்பக்கம் மண்டியிட்டிருப்பவர்

பனிமலைக் கிராமமான கியாம்ரிங்குக்குப் பனிச்சறுக்க வருகிற பெரிய மனிதர்கள் வேறு எதற்குப் பயந்தார்களோ இல்லையோ, ஹெலிகாப்டர் மைதானத்தின் ஓரத்தில் இருந்த எடைமேடைக்குப் பயந்தார்கள். முதுகுப்பையோடும் கனத்த பூட்ஸோடும் அதன்மேல் ஏறி நிற்கவேண்டும், மெக்கானிக் வெயிலுமுத்து முள்ளைப் பார்த்து எடையைச் சத்தமாகச் சொல்வான், அதைக் கேட்டு விமானி ரூபஸ் கோயில்பிச்சை யார் எங்கே உட்காரவேண்டும் என்று தீர்மானிப்பார். ஊரில் மில் முதலாளியாக இருக்கலாம், மந்திரிக்கு மாப்பிள்ளையாக இருக்கலாம், அந்த மேடையில் எல்லாரும் மூட்டைதான். உச்சியில் காற்று மெலிந்து கிடக்கும், மெலிந்த காற்றை மிதித்து எழும்புகிற வண்டிக்கு ஒரு குடம் தண்ணீரின் கனம்கூட உயிர்ப் பிரச்சினை. இதையெல்லாம் விளக்கிச் சொன்ன பிறகும் எடையில் பொய் சொல்கிறவர்கள் உண்டு, மனிதப் பிறவியின் லட்சணம் அப்படி.

ரூபஸ் நாசரேத்துக்காரர். தேரிமணல் வெயிலில் வளர்ந்து, விமானப் படையில் சேர்ந்து, பனிமலை முகாம்களுக்கு அரிசியும் மண்ணெண்ணெயும் சுமந்து கிழடாகி, ஓய்வு பெற்று வீடு கட்டி, கட்டின வீட்டில் உட்கார முடியாமல், குளிர்காலம் தோறும் இந்தச் சறுக்குக் கம்பெனிக்கு வண்டி ஓட்ட வந்துவிடுவார். படையில் அவரோடு இருந்த சாத்தூர்க்காரன் வெயிலுமுத்துவும் கூடவே வந்துவிடுவான். வேலை என்று பார்த்தால் குடை ராட்டினம் சுற்றுவது மாதிரிதான். பாதையே இல்லாத மலை முகட்டில் விருந்தாளிகளை இறக்கிவிடவேண்டும், அவர்கள் சறுக்குப் பலகையில் கூவிக்கொண்டு சறுக்கி வருவார்கள், அடிவாரத்தில் போய் அள்ளிக்கொண்டு மறுபடி முகட்டில் விடவேண்டும். ஏறும்போதும் இறங்கும்போதும் வண்டியின் தலைக்குமேல் சுற்றுகிற விசிறியின் காற்று ஆளையே புரட்டிவிடும் என்பதால், எல்லாரும் வண்டியின் இடப்பக்கம் ஒரு குவியலாக மண்டியிட்டு, தலையைக் கவிழ்த்து, பலகைகளை அமுக்கிப் பிடித்துக்கொண்டு இருப்பார்கள். வழிகாட்டி ஒவ்வொருவராக ஏற்றிவிட்டு, கடைசியில் தான் ஏறி முன்னால் உட்காருவான்.

கியாம்ரிங்கின் வழிகாட்டி அங்ரூப். உள்ளூர்க்காரன், அதிகம் பேசாதவன், பனியில் கோலைக் குத்திப் பார்த்து அது இன்றைக்கு என்ன நினைத்துக்கொண்டிருக்கிறது என்று சொல்லிவிடுவான். அன்றைக்கு முகட்டில் இறங்கியதும் கோலைக் குத்தினான், இன்னொரு இடத்தில் குத்தினான், வேண்டாம், எல்லாரும் திரும்பி ஏறுங்கள் என்றான். விருந்தாளிகள் முனகிக்கொண்டே ஏறினார்கள். வரும்போது எதிர்க்காற்று தூக்கிக் கொடுத்திருந்தது, இப்போது காற்று செத்துக் கிடந்தது. ரூபஸ் வண்டியைத் தூக்கினார், எழும்பவில்லை. மறுபடி தூக்கினார், ஒரு சாண் எழும்பி உட்கார்ந்துகொண்டது. எடைமேடையில் கூப்பிட்ட கணக்குக்கு இது எழும்பியிருக்கவேண்டும். பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு கனவான், பெண்டாட்டி பார்த்துக்கொண்டிருக்கிறாளே என்று கூச்சப்பட்டு, காலையில் தன் பையைக் கழற்றி மேடைக்குப் பின்னால் ஒளித்துவைத்துவிட்டு எடை பார்த்த சங்கதி அப்போது ரூபஸுக்கு எப்படித் தெரியும்? அங்ரூப் பக்கத்தில் இருந்தபடி ரூபஸ் பார்த்த அதே முள்ளை, இயந்திரத்தின் பலத்தைக் காட்டுகிற முள்ளைப் பார்த்தான். பெல்ட்டைக் கழற்றி இறங்கி, தன் பலகையை எடுத்துக்கொண்டு, இடப்பக்கம் போய் மண்டியிட்டுக் கட்டைவிரலை உயர்த்தினான். இவர்களை விட்டுவிட்டு உடனே வருகிறேன் என்று ரூபஸ் கண்ணாடிக்குள்ளிருந்து கையைச் சுழற்றிக் காட்டினார்.

அவர் திரும்புவதற்குள் மேகம் மலையை மூடிவிட்டது. அது விலகுவதற்குக் காத்திருந்து காத்திருந்து, நடுவில் ரூபஸ் யார் தடுத்தும் கேளாமல் ஏறி, கண் தெரியாமல் திரும்பி, வெயிலுமுத்து சாவியைப் பிடுங்கி ஒளித்துவைக்கும்படி ஆனது. மேகம் விலகியபோது முகட்டுப் பனி பாதி சரிந்து பள்ளத்தாக்கை நிறைத்திருந்தது. நாய்களை விட்டுத் தேடினார்கள், நீண்ட கம்பிகளால் குத்திக் குத்தித் தேடினார்கள், அங்ரூப் அகப்படவில்லை. பனி உருகட்டும், அப்போது பார்க்கலாம் என்றார்கள், ஆனால் அந்தப் பள்ளத்தின் பனி எந்தக் கோடையிலும் உருகினதில்லை என்பது ஊரில் எல்லாருக்கும் தெரியும்.

அடுத்த விருந்தாளிக் கூட்டம் வந்தது, கம்பெனி புது வழிகாட்டியைப் போட்டது, ரூபஸ் வண்டியைக் கிளப்பினார். அவர்களை இறக்கிவிட்டு மைதானத்துக்குத் திரும்பித் தரையிறங்கும்போது இடப்பக்கம் ஆரஞ்சுச் சட்டையில் ஒருவன் மண்டியிட்டிருந்தான். தலை கவிழ்ந்திருந்தது, ஒரு கை பலகையை அமுக்கியிருந்தது, காற்றில் சட்டை படபடத்தது. வெயிலுமுத்து ஓடிவந்து கதவருகே நின்று, "சார், அங்ரூப் அண்ணாச்சி வந்திருக்காரு" என்றான். ரூபஸ் தலையசைத்தார். இயந்திரத்தை நிறுத்தினார்கள். விசிறியின் கடைசிச் சுற்று முடிந்தபோது அங்கே யாரும் இல்லை, பனியில் இரண்டு முழங்கால் குழிகள் மட்டும் இருந்தன.

அன்றிலிருந்து வண்டி எங்கே இறங்கினாலும், முகட்டிலாகட்டும் அடிவாரத்திலாகட்டும், காய்ச்சல்காரனைக் கொண்டுபோய் இறக்கின டவுன் ஆஸ்பத்திரி மைதானத்திலாகட்டும், இறங்குவதற்கு முன்பே அங்ரூப் இடப்பக்கம் மண்டியிட்டிருந்தான். விசிறி சுற்றும்வரை இருந்தான், நின்றால் இல்லை. தொட்டவர்கள் சட்டை சில்லென்று இருப்பதாகச் சொன்னார்கள். கூப்பிட்டால் நிமிரவில்லை. விருந்தாளிகள் இருக்கும்வரை அவர்களோடு இருப்பது வழிகாட்டியின் கடமை, கடைசி ஆளாக ஏறுவது அவன் முறை, அந்தக் கடைசி இடத்திலோ இப்போது வேறொருவன் உட்கார்ந்திருந்தான். ஆகவே அவன் ஏறாமலே இருந்தான்.

கம்பெனி மேலாளர் சூத் நடைமுறை மனிதர். ஏறாதவனுக்கு எடை இல்லை, எடை இல்லையென்றால் பறப்பதற்குத் தடையில்லை என்று சொல்லிவிட்டு, "இடப்பக்கம் மண்டியிட்டிருப்பவர் எங்கள் ஊழியர், அவரைத் தாண்டி நடக்கவேண்டாம்" என்று ஒரு அறிவிப்புப் பலகை எழுதி மைதானத்தில் நட்டார். முதலில் விருந்தாளிகள் வெளிறிப் போனார்கள், சிலர் பெட்டியைக் கட்டினார்கள். பிறகு யாரோ ஒருவர் அவன் பக்கத்தில் மண்டியிட்டால் சறுக்கும்போது விழுவதில்லை என்று கிளப்பிவிட, அந்த இடத்துக்கு அடிதடி ஆயிற்று. ஊர்க்காரர்கள் தங்கள் பங்குக்கு வந்தார்கள். தண்ணீர் மில் சாவியை எங்கே வைத்தாய் என்று ஒருவன் அவன் காதில் கத்தினான், எல்லைக்கல் எந்த வரப்பில் இருந்தது, நீதானே நட்டாய் என்று இன்னொருவன் கத்தினான். அவன் யாருக்கும் பதில் சொல்லவில்லை. அவன் மனைவி பல்மோவுக்கு விதவைக்கான பத்திரம் தர பஞ்சாயத்து ஆபீசில் மறுத்துவிட்டார்கள், ஊரே தினம் பார்க்கிற ஆளை எப்படிச் செத்ததாக எழுதுவது என்று கேட்டார்கள். சரி, உயிரோடிருக்கிறார் என்றால் சம்பளம் கொடுங்கள் என்று கம்பெனியில் கேட்டபோது, வேலைக்கு வருகிறார், வேலை செய்யவில்லையே என்றார் சூத். இப்படி ஆளாளுக்கு நியாயம் பேசி அந்தப் பெண்ணை நடுத்தெருவில் நிறுத்தினார்கள்.

பல்மோ யாரோடும் வாதாடவில்லை. வண்டிச் சத்தம் கேட்டால் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு மைதானத்துக்கு வருவாள், முக்காட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு, வெயிலுமுத்து சைகை காட்டும்வரை ஓரத்தில் நிற்பாள், காட்டியதும் குனிந்து ஓடி அங்ரூப்பின் பக்கத்தில் காற்றுக்கு முதுகைக் கொடுத்து உட்காருவாள். அவன் காதோரம் வாயை வைத்துப் பேசிக்கொண்டே இருப்பாள். அந்த இரைச்சலில் என்ன பேசினாள் என்று யாருக்கும் தெரியாது. அவளுக்காக வெயிலுமுத்து ஏதாவது ஒரு திருகாணியைச் சரிபார்க்கிற சாக்கில் வண்டியை நிறுத்தவிடாமல் இழுத்தடிப்பான். உள்ளே உட்கார்ந்திருக்கிற ரூபஸுக்கு அவள் முதுகும் அவன் கவிழ்ந்த தலையும் தெரியும். உடனே வருகிறேன் என்று சுழற்றிக் காட்டின அந்தக் கை மடியில் கிடக்கும். அவருக்குச் சோறு இறங்கவில்லை. ஊரிலிருந்து மனைவி ஹெப்சிபா போன் செய்து, வேலையை விட்டுவிட்டு வந்துவிடுங்கள், வேண்டுமென்றா அவரை மலையில் விட்டுவிட்டு வந்தீர்கள் என்று அழுவாள். வேண்டுமென்று செய்திருந்தால் மன்னிப்பாவது கேட்கலாம், இதற்கு என்ன கேட்பது என்று அவர் நினைத்துக்கொள்வார்.

கடைசியில் மடத்துத் துறவிதான் முடிச்சை அவிழ்த்தார். செத்தவன் காதில் வழி சொல்லும் மந்திரத்தை இவனுக்கு ஏன் இன்னும் படிக்கவில்லை என்று ஊர் கேட்டதற்கு, "வண்டிக்குக் காத்திருக்கிறவனிடம் வேறு வழியைச் சொன்னால் கேட்பானா? முதலில் அவன் ஏறட்டும்" என்றார். வெயிலுமுத்து அதை ரூபஸிடம் வந்து சொன்னான். ரூபஸ் அன்றைக்கு வெகு நாளைக்குப் பிறகு முகம் மழித்துக்கொண்டார்.

விருந்தாளிகள் இல்லாத ஒரு நாளில், புது வழிகாட்டியும் இல்லாமல், எல்லா இருக்கையும் காலியாக அந்த முகட்டுக்கே போவது, அங்கே அவனை ஏற்றிக்கொண்டு ஊருக்கு வருவது. இதுதான் திட்டம். பல்மோவிடம் கேட்கப் போனார்கள். அவள் ஒரே ஒரு விஷயம்தான் கேட்டாள், வந்தால் எவ்வளவு நேரம் இருப்பார்? விசிறி சுற்றும்வரை, என்றார் ரூபஸ். எண்ணெய் இருக்கும்வரை சுற்றும். குளிர்காலத்துக்கென்று வாங்கிவைத்திருக்கும் பீப்பாய்கள் அத்தனையையும் மைதானத்துக்கு உருட்டிவிடலாம், விசிறி சுற்றச் சுற்றவே எண்ணெய் ஊற்றுவது படையில் வெயிலுமுத்துவுக்குப் பழகின வேலை. மந்திரம் படித்து முடியும், அவளும் பேசவேண்டியதைப் பேசி முடிக்கலாம்.

"எனக்குப் பேச ஒண்ணும் மிச்சமில்ல, எல்லாம் பேசியாச்சு" என்றாள் பல்மோ. "அவர் எங்க கிடக்கிறார்னு மட்டும் கேட்கணும். தலை நிமிர்ந்தார்னா கேட்பேன். இடம் தெரிஞ்சா தோண்டி எடுத்து எரிச்சுடுவேன். அவருக்குக் குளிர் ஒத்துக்காது."

பனிமலையில் பிறந்து பனியிலேயே பிழைத்த ஒருவனுக்குக் குளிர் ஒத்துக்கொள்ளாது என்பது அவன் மனைவிக்கு மட்டும் தெரிந்த விஷயம். அவள் கேட்டு முடிக்கிறவரை விசிறி நிற்காது என்று ரூபஸ் அவளிடம் வாக்குக் கொடுத்தார்.

சூத் முதலில் குதித்தார், பிறகு ஊர் ஆண்கள் எல்லாரும் வாசலில் வந்து நிற்பதைப் பார்த்து, தனக்கு டவுனில் வேலை இருப்பதாகச் சொல்லிக் கிளம்பிவிட்டார். பீப்பாய்களை உருட்டினார்கள். பெண்கள் மைதானத்துப் பனியைக் கூட்டித் தள்ளினார்கள். துறவி பட்டுத்துணி சுற்றிய மந்திர ஏட்டோடு வந்து உட்கார்ந்தார். வெயிலுமுத்து எல்லாரையும் கயிற்றுக்கு அந்தப் பக்கம் நிறுத்தி, ரூபஸ் சார் உள்ளேயிருந்து கட்டைவிரலைக் காட்டும்வரை ஒருவரும் அசையக்கூடாது, விசிறிக்குக் கண் கிடையாது, தலையைக் கொண்டுபோய்விடும் என்று ஆணையிட்டான். அவன் அதை வருஷக்கணக்காகச் சொல்லிச் சொல்லி ஊருக்கே பழகிப்போயிருந்தது.

முகட்டில் வெயில் அடித்தது. அங்ரூப் இருந்தான், விட்ட இடத்திலேயே, விட்டபடியே. ரூபஸ் வண்டியை இறக்கிக் கட்டைவிரலை உயர்த்தினார். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அங்ரூப் தலையைத் தூக்கி, காலி வண்டியை ஒரு முறை பார்த்து, எழுந்து, முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டு, பலகையை வண்டியின் வெளிப்பக்கத்துக் கூடையில் வைத்துத் தாழ்ப்பாள் போட்டு, முறைப்படி வண்டியின் முன்பக்கமாகச் சுற்றி வந்து கதவைத் திறந்து உட்கார்ந்தான். வண்டி ஒரு ஆள் கனத்துக்கு அமுங்கியது. பெல்ட்டை மாட்டினான், காதுக்கருவியை மாட்டினான், கறுப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினான். அதே முகம், கொஞ்சம் களைத்திருந்தது. லேட் ஆகிவிட்டது என்று சொல்ல ரூபஸ் வாயெடுத்தார், அங்ரூப் முந்திக்கொண்டான்.

"கேப்டன் சாப், விருந்தாளிங்க எல்லாம் பத்திரமா இறங்கிட்டாங்களா?" என்றான் அங்ரூப்.

"இறங்கிட்டாங்க" என்றார் ரூபஸ்.

வண்டி எழும்பியது. நீ எங்கே கிடக்கிறாய் என்ற கேள்வி ரூபஸின் நாக்கு நுனியில் வந்து நின்றது. கேட்டிருந்தால் அவன் சொல்லியிருப்பான், கீழே அந்தப் பள்ளம்தான் ஓடிக்கொண்டிருந்தது, விரலை நீட்டிக் காட்டியிருப்பான். ஆனால் அது பல்மோவின் கேள்வி. இத்தனை நாள் காற்றில் உட்கார்ந்து சம்பாதித்த கேள்வி. அதைத் திருடிக்கொள்ள அவருக்கு மனம் வரவில்லை. தன்னிடம் அவ்வளவாவது மரியாதை மிச்சமிருக்கிறதே என்று அவருக்கே ஒரு திருப்தி. அந்தத் திருப்தியோடு தன் ஊரைப் பற்றி, வீட்டு முருங்கையைப் பற்றி, ஹெப்சிபாவைப் பற்றி, அவனிடம் என்றைக்கும் சொல்லாததையெல்லாம் வழி நெடுகச் சொல்லிக்கொண்டு வந்தார். அங்ரூப் கேட்டுக்கொண்டு வந்தான்.

மைதானத்தில் அவ்வளவு மெதுவாக அவர் எப்போதும் இறங்கினதில்லை. கயிற்றுக்கு அப்பால் ஊரே நின்றது, முன்னால் பல்மோ, துவைத்த உடுப்பில், காற்றில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு. இடப்பக்கம் இன்றைக்கு யாரும் மண்டியிட்டிருக்கவில்லை, உள்ளே கண்ணாடிக்குப் பின்னால் ஆரஞ்சுச் சட்டை தெரிந்தது. கூட்டத்தில் பெண்கள் அழ ஆரம்பித்தார்கள். ரூபஸும் அழுதார். கொண்டுவந்துவிட்டேன், சொன்னபடி வந்து கொண்டுவந்துவிட்டேன் என்று அவருக்குள் ஒரு பெரிய பாரம் கழன்று விழுந்தது, இத்தனை நாள் களைப்பெல்லாம் சேர்ந்து சுகமாக இறங்கியது, பேச்சு மட்டும் நிற்கவில்லை. முருங்கைக்கு எப்போது கவாத்துச் செய்யவேண்டும் என்பதுபோல் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார்.

தரையிறங்கினதும் இயந்திரத்தைச் சற்று நேரம் மெதுவாக ஓடவிட்டு, சூடு தணிந்தபின் எண்ணெய் வரத்தை அடைக்கிற லீவரை மூடவேண்டும். இதை ரூபஸ் வாலிபத்திலிருந்து ஒவ்வொரு பயணத்தின் முடிவிலும் செய்திருக்கிறார், தூக்கத்தில்கூடச் செய்வார், யோசித்துச் செய்கிற வேலையே அல்ல அது. அங்ரூப்பைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தபோது அவர் கை தன்பாட்டுக்குப் போய், சூடு தணிகிற நேரம் வரை பொறுத்திருந்து, லீவரை மூடியது.

சத்தம் இறங்கினபோதுதான் அவருக்குத் தெரிந்தது. வெளியே வெயிலுமுத்து எண்ணெய்க் குழாயைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டு ஓடிவந்தான். "சார், அமத்தாதீய! சார்!" என்று அவன் கத்தினது இப்போது நன்றாகக் கேட்டது. ஊர் கயிற்றுக்குப் பின்னால் கட்டைவிரலுக்காகக் காத்து நின்றுகொண்டே இருந்தது. ரூபஸ் லீவரைத் திறந்தார், பொத்தானை அழுத்தினார், ஓடி அடங்குகிற இயந்திரம் அந்த அவசரத்துக்கு இணங்காது என்று தெரிந்தே அழுத்தினார். சத்தம் இறங்கினால் எந்தப் பயணியும் செய்வதைப்போல அங்ரூப் பெல்ட்டைக் கழற்றக் குனிந்தான். விசிறி இன்னொரு சுற்று, இன்னும் அரைச் சுற்று சுற்றி நின்றது. மாட்டின பெல்ட் மாட்டினபடியே இருக்கையில் கிடந்தது.

மறுபடி கிளப்பினார்கள். விசிறி சுற்றியது, இருக்கையில் யாரும் இல்லை, இடப்பக்கத்திலும் யாரும் இல்லை. நிறுத்திக் கிளப்பினார்கள். தூக்கி ஒரு வட்டம் அடித்து இறக்கினார்கள். முகட்டுக்குப் போய்ப் பார்த்து வந்தார்கள், அங்கே வெறும் பனிதான் இருந்தது. வண்டிக்குக் காத்திருந்தவன் வண்டி ஏறி வீட்டுக்கு வந்து சேர்ந்தாகிவிட்டது, இனி அவன் எதற்குக் காத்திருக்கப் போகிறான்? ஊர்க்காரர்கள் பீப்பாய்களைத் திரும்ப உருட்டத் தொடங்கினார்கள். துறவி ஏட்டைப் பிரிக்காமலே பட்டுத்துணியின் முடிச்சை இறுக்கிக்கொண்டு எழுந்து போனார்.

ரூபஸ் இறங்கவில்லை. வெயிலுமுத்து வந்து கூப்பிட்டுப் பார்த்துவிட்டுக் கொஞ்சம் தள்ளிப்போய் நின்றான். யாரும் சைகை காட்டாமலே பல்மோ வந்தாள். முன்பக்கமாகச் சுற்றிவந்து, அந்தப் பக்கத்துக் கதவைத் திறந்து, மாட்டிக் கிடந்த பெல்ட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அதைத் தொடவில்லை.

"ஏதாவது சொன்னாரா?"

"விருந்தாளிங்க எல்லாம் பத்திரமா இறங்கிட்டாங்களான்னு கேட்டார்."

"வேற?"

"வேற ஒண்ணும் சொல்லல. நான்தான் பேசிக்கிட்டே வந்தேன்."

எங்கே கிடக்கிறார் என்று நீங்கள் கேட்கவில்லையா என்றாள். ரூபஸ் அவள் முகத்தைப் பார்க்காமல், அது உங்கள் கேள்வி, நீங்களே கேட்கவேண்டும் என்று விட்டுவைத்தேன் என்றார்.

பல்மோ தலையசைத்தாள். அவர் செய்தது மரியாதைதான் என்று அவளுக்கு விளங்கியிருக்கவேண்டும், கோபம் எதுவும் அந்த முகத்தில் இல்லை.

"என் கேள்விதான்" என்றாள். "யார் கேட்டிருந்தாலும், அவர் எனக்குத்தான் பதில் சொல்லியிருப்பார்."

கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு அவள் மைதானத்தைக் கடந்து வீட்டுக்குப் போனாள்.